பசளித் தண்டும் பக்கத்து வளவும்

மச்சாள்,

இன்று காலை பசளிக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இலைகளைக் கிள்ளிச் சுளகில் போட்டுவிட்டு, தண்டுகளை அள்ளி ஆட்டுக்குப் போட எழுந்தபோது, அந்தப் பச்சை வாடையோடு உன் குரலும் வந்தது. "எறியாதை. உது இன்னும் சாகேல்லை." திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் பூனை மட்டும் படுத்திருந்தது. செத்த பிறகும் என்னை ஏவுவதை நீ விடவில்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு, அங்கே கிளாக்கராக இருந்த உன் வீட்டுக்காரரின் கடிதமும் நின்றது, காசும் நின்றது. தோட்டக் காணியை அவர் கப்பலேறும்போதே தன் தமையனாரின் பொறுப்பில் விட்டிருந்தார். மூன்று பிள்ளைகளோடு உனக்கு மிஞ்சியது உன் சீதன வீடும், குசினிக்குப் பின்னால் கழுநீர் ஓடும் துண்டு நிலமும்தான். தமையனார் வந்து, முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "வீட்டை வாடகைக்கு விட்டிட்டு எங்களோடை வந்து இரு. எங்கடை குசினிக்கும் ஒராள் தேவைதானே."

அந்தக் கடைசி வசனம் வாய் தவறி வந்ததல்ல. அவர் வீட்டுக் குசினிக்குள் நுழைந்த ஏழைச் சொந்தம் எதுவும் நிமிர்ந்து வெளியே வந்ததில்லை. நீயோ, "என்ரை அடுப்பு எரியுமட்டும் நான் வரமாட்டன் அத்தான்" என்றாய். அந்த அடுப்பில் வைக்க என்ன இருந்தது என்பது வேலிக்கு அப்பால் பக்கத்து வளவில் இருந்த எனக்கல்லவா தெரியும்!

பிறகு அவர் மகள் பெரியபிள்ளையானாள்; சாமத்தியச் சடங்கு வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கறிக்குக் காய் வெட்டப் போனோம். நீ ஒரு பனையோலைக் கடகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் கழித்துப் போட்டதையெல்லாம் பொறுக்கினாய். வெங்காயத்தின் வேரடி, பசளித் தண்டு, பூசணிக்காயின் விதையும் குடலும், இஞ்சித் துண்டு, முளை கட்டிய வற்றாளைக் கிழங்கின் நுனி. "மலாயாக்காரன்ரை பெண்சாதி குப்பை அள்ளுறா" என்று ஒருத்தி சிரித்தாள். தமையனார் பெருந்தன்மையோடு, "மாட்டுக்கோ?" என்று கேட்டார். "இல்லை அத்தான், எனக்கு" என்றாய். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. உனக்குக் கூசவில்லை.

உன் குசினிக்குப் பின்னாலிருந்த நிலத்தில் ஒரு முழம் தோண்டினால் கல். அதனால் ஓட்டைச் சட்டி, உடைந்த பானை, மண்ணெண்ணெய்த் தகரம் என்று கிடைத்ததிலெல்லாம் மண்ணும் சாம்பலும் நிரப்பி, பொறுக்கிவந்ததையெல்லாம் நட்டாய். அரிசி கழுவிய தண்ணீர் அவற்றுக்குத்தான்; வேறு யாரும் தொடக்கூடாது. பூசணி குசினிக் கூரையில் ஏறியது. வெட்ட வெட்ட வெங்காயத்தாள் வந்துகொண்டே இருந்தது.

பூசணி காய்த்த காலத்தில் தமையனார் மாட்டு வண்டிலோடு வந்தார். பட்டினி உன்னை வழிக்குக் கொண்டுவந்திருக்கும் என்ற கணக்கு. "சாமான் சக்கட்டையளை ஏத்து" என்றார். "ஏத்தலாம் அத்தான். முதல் சாப்பிடுங்கோ" என்று இலை போட்டாய். பங்கீட்டுக் கூப்பன் அரிசிச் சோறு, பூசணிக்காய்க் கறி, பசளிக்கீரை, வெங்காயத்தாள் வறை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் முறையும் கறி வாங்கிக்கொண்டவர், "பூசணிக்காய் நல்ல மாப்பிடிப்பாய் இருக்கு. எந்தத் தோட்டத்துக் காய்?" என்று கேட்டார்.

"உங்கடை குசினிக் குப்பை, அத்தான்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். வண்டில் வெறுமையாகத்தான் போனது.

யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து கப்பல்கள் வந்தன. உன்னவர் வரவில்லை. பொட்டை அழி என்றவர்களிடம், "ஆர் பிரேதத்தைக் கண்டது?" என்று கேட்டாய். அப்படிப்பட்ட உன்னை ஒரு நெருப்புக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை. உன்மேலும் கோபம்தான், சொல்லிவிட்டேன்.

உன் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே தமையனார் வேலிப் படலையில் நின்றார். பிள்ளைகளை ஏற்றிப்போக வந்தாராம். உன் மூத்தவள் தம்பிமாரைப் பின்னால் விட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நாங்கள் வரேல்லை, பெரியப்பா."

"குமர்ப்பிள்ளை தனிய இருக்கிற வீடோ இது?" என்றார். நான் ஓடிப்போய், "தனிய இல்லை, நான் இருக்கிறன்" என்றேன். "நீர் ஆர்? இது உம்மடை வளவோ?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். ஒரு விரற்கடை எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் ஊரல்லவா இது! நான் என் வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து, நம் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியின் கட்டுகளை அறுத்தேன். உன் பெண் தென்னோலைக் கிடுகுகளை இழுத்துப் போட்டாள். வாயே திறவாத என் மனுசன், தோட்டத்திலிருந்து வந்தவர், ஒன்றும் கேட்காமல் வேலிக் கதியால்களைப் பிடுங்கத் தொடங்கினார். தமையனார் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப இது ஆருடைய வளவு எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

வழக்குப் போடுவாராம். போடட்டும். உன் பிள்ளைகள் உன் வீட்டில் படுக்கிறார்கள், உன் அடுப்பில் சமைக்கிறார்கள். தமையனார் வீட்டுக் குசினிக்கு அவர்களை நான் விடமாட்டேன்.

கொஞ்சம் முன்பு உன் மூத்தவள், வேலி நின்ற இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து கேட்டாள்: "மாமி, எல்லை எதிலை இருந்தது?"

"மறந்துபோச்சுப் பிள்ளை" என்றேன்.