நாலு சக்கரமும் இழுத்த வண்டி

நேற்று திருவொற்றியூரில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் சின்னக் காரின் முன் டயர்கள் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரர் புது டயரின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தபோது அந்த வாசனை எழுந்தது. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற புது ரப்பர் வாசனை. "ரெண்டு மட்டும் மாத்துனா போதும் சார், பின்னாடி இன்னும் ஓடும்" என்றார் அவர்.

நீ இருந்திருந்தால் அந்தக் கடையில் ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். நீ போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. உன் சார்பில் நானே நடத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் என் வண்டியை இரண்டு சக்கரங்கள்தான் இழுக்கின்றன, பிரசங்கம் அதற்குப் பொருந்தாது. உன் வண்டிக்குத்தான் நாலும் இழுக்கும்.

அது ஏலத்துக்கு வருகிறது என்று உன்னிடம் சொன்னவன் நான். அந்தக் குற்றத்தை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு குமாஸ்தா உத்தியோகம். வெளிநாட்டிலிருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்து, பிறகு வரவே வராமல் போன ஜப்பானியக் கார் அது. மூன்று மழைக்காலம் துறைமுக யார்டில் நனைந்தது. கோப்பில் அதன் பெயர் 'பழைய மோட்டார் வாகனம், ஒன்று'. உள்ளே டர்போ இருக்கிறது, என்ஜின் பலம் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது என்பதெல்லாம் கோப்புக்குத் தெரியாது. கோப்புகள் எதையும் திறந்து பார்ப்பதில்லை.

கொருக்குப்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாம். நான் காகிதம் பக்கம் போனேன், நீ கிரீஸ் பக்கம் போனாய். திருவொற்றியூரில் உன் பட்டறை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் டிரைவர்கள் எல்லாருக்கும் நீ 'மேஸ்திரி'. பத்துச் சக்கரத்துக்குக் குறைந்த எதையும் வண்டி என்று மதிக்காத ஆள், அந்தக் காரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினாய். நான் பார்த்தேன்.

பூசை போட்டு நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாய். முதல் கியரில் நகர்த்தினாய். நான்கும் நசுங்கின.

"பாத்தியா மாமு, நாலும் இழுக்குது!"

எந்த வண்டியை நகர்த்தினாலும் நான்கும்தான் நசுங்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு?

பிறகு ஹாண்ட்லிங் வேலை தொடங்கியது. அந்தச் சொல்லை நீ யாரிடம் பிடித்தாய் என்று தெரியாது. ஆறு மாதம் அதைத் தவிர வேறு பேச்சில்லை. "ஹாண்ட்லிங்னா இன்னா?" என்று கேட்டேன். "நீ நெனைக்கிறதுக்கு முந்தி வண்டி திரும்பணும்" என்றாய். என்னைப் போன்றவர்கள் நினைப்பதற்குள் கப்பலே திரும்பிவிடும் என்பதால் எனக்கு அது பெரிய சாதனையாகப் படவில்லை.

முதலில் சக்கரம். பழைய பதினாறு அங்குலத்தைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டையிலிருந்து பதினேழு அங்குல அலாய் சக்கரங்கள் கொண்டுவந்தாய். அதன் மேல் ரிப்பன் போல மெல்லிய டயர். புதிதாக இரண்டுதான் கிடைத்தன. டிரெய்லர்காரர்களின் வழக்கப்படி புதியது முன்னால், பழையது பின்னால் என்று போட்டாய். முன் டயர் வெடித்தால் ஆள் போவான், பின் டயர் வெடித்தால் சரக்குதான் போகும் என்பது அந்த வழக்கத்தின் நியாயம். ஆனால் நான்கும் இழுக்கிற வண்டியில் முன் சக்கரமும் பின் சக்கரமும் கொஞ்சம் அளவு மாறினாலும், நடுவில் இருக்கிற பற்சக்கரப் பெட்டி இரண்டு தரப்புக்கும் ஓயாமல் பஞ்சாயத்துப் பண்ணியே சூடேறிவிடும். மூன்றாவது வாரம் தேரடி அருகே அது உறுமியது. பிறகு புகைந்தது.

பெட்டியைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் அதன் முன்னால் குந்தியிருந்தாய். மூன்றாம் நாள் பிரசங்கம் பிறந்தது. "நாலும் ஒரே மாதிரி இர்க்கணும் மாமு. ஒண்ணு பெர்சு, ஒண்ணு சிர்சுன்னா வூட்ல இன்னா நடக்குமோ அதான் வண்டிலயும் நடக்கும்." அதற்குப் பிறகு எவன் இரண்டு டயர் மாற்றப் போனாலும் நீ அவனை விடவில்லை. சைக்கிள்காரனிடம்கூட ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தாய்.

அடுத்து ஷாக் அப்சார்பர். தலையில் இருக்கிற திருகைச் சொடுக்குச் சொடுக்காகத் திருப்பி இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற வகை. பெட்டியில் ஜப்பானிய எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியாததால் அது உயர்ந்த பொருள் என்று ஒப்புக்கொண்டோம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினாய். வளைவில் சாயாமல் இருக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற கம்பியை, டிரெய்லர் தாங்குகிற பருமனில் நீயே வளைத்துப் பூட்டினாய்.

வண்டி தண்டவாளத்தில் போவது போலத் திரும்பியது, உண்மை. ஆனால் உன் தெரு முனையிலிருந்த வேகத்தடையைத் தாண்ட முடியவில்லை, வயிறு தட்டியது. கண்ணிமைக்கும் நேரத்தில் நூறைத் தொடுகிற வண்டி, கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலுக்காக முக்கால் மணி நேரம் நிற்கும். உன் மனைவி வசந்தா என்னிடம் சொன்னாள்: "ராக்கெட்டு வாங்கிகீறாருண்ணா உன் தோஸ்து. தெரு முனை வரிக்கும் போவும். அப்பால நடந்துதான் வூட்டுக்கு வரணும்."

அந்த வருடந்தான் வசந்தா மூன்றாவது முறையாக உண்டானாள். முதல் இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி நீ என்னிடம் பேசியதே கிடையாது. இரண்டு முறையும் பட்டறையில் ஒரு வாரம் ரேடியோ பாடவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் மாதம் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: படுத்தே இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை ராயபுரத்துக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், வருகிற வழியில் உடம்பு குலுங்கவே கூடாது. டாக்டரம்மா நம் சாலையில் வந்ததில்லை என்று தெரிந்தது.

மறுநாள் பட்டறைக்கு வந்தேன். பதினேழு அங்குலச் சக்கரங்கள் நான்கும் சுவரில் சாய்ந்திருந்தன. நீ வண்டிக்கு அடியில் படுத்து உன் சொந்தக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

"இன்னா மாமு, எல்லாத்தையும் அவுத்துட்ட?"

"இந்தக் கம்பி கீதே, லெப்டு சக்கரம் பள்ளத்துல எறங்குனா ரைட்டையும் சேத்து ஆட்டுது. அவளுக்கு ஆவாது."

"ஆறு மாச ஹாண்ட்லிங்கு?"

"அது பயாஸ்கோப்பு, வேடிக்க. உள்ள குந்தினுகீறவளுக்குப் பள்ளம் இர்ந்ததே தெரியக் கூடாது. அதான் ஹாண்ட்லிங்."

பழைய ஸ்பிரிங், பழைய சக்கரம், அதற்குக் கன்னம் உயர்ந்த, மெத்தென்ற புது டயர். நாலும் ஒரே மாதிரி. ஆனால் ஷாக் அப்சார்பரை எத்தனை சொடுக்குத் தளர்த்துவது? ரொம்பத் தளர்த்தினால் வண்டி படகு போல ஆடும், அதுவும் ஆகாது. அளக்க ஒரு கருவி வேண்டும் என்றாய். என்னைப் பார்த்தாய். எண்ணூர் சாலையில் பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டியதில் என் முதுகில் ஒரு தட்டு விலகியிருந்தது.

"உன் இடுப்புதான் மாமு இந்த ஏரியாவுலயே கரெக்டான மீட்டரு. ஏறிக் குந்து."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் ஓட்டினாய். நான் 'ஸ்' என்றால் ஒரு சொடுக்கு, 'ஐயோ' என்றால் இரண்டு, 'அம்மா' என்றால் வண்டியை நிறுத்தி மூன்று. நடுவில் நான் உன் பரம்பரையைப் பற்றிச் சொன்ன சில வார்த்தைகளுக்கு என்ன அளவு என்று கேட்டாய். "அது காத்து பிரஷரு" என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டு, டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தாய். சாயங்காலம் கடைசிச் சுற்றில் நான் வாயே திறக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "உயிரோட கீறியா?" என்றாய். தூங்கிவிட்டிருந்தேன். இந்த நாட்டுக்கு நான் ஆற்றிய ஒரே தொழில்நுட்பப் பணி அது.

மூன்று மாதம் வாராவாரம் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாய். எட்டாம் மாதத் தொடக்கத்தில், கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்த எனக்குப் போன் செய்தாய். "வலி வந்துட்ச்சி. நீ வா, அவ கூட பின்னாடி ஆள் வோணும்."

சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கிற டிரெய்லர் வரிசை. ஒரு டிரெய்லர் குறுக்கே மாட்டிக்கொண்டு எதிர்த்தடத்தையும் அடைத்துவிட்டது. தண்ணீர் முழங்கால் அளவு. பின் சீட்டில் வசந்தா என் கையைப் பிடித்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "எட்டு மாசந்தாண்ணா ஆவுது, எட்டு மாசந்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ சாலையை விட்டு இறங்கினாய். கடலோரத் தடுப்புப் பாறைகளுக்கும் சாலைக்கும் நடுவே மணலும் சேறும் கட்டட இடிபாடும் கிடந்த அந்தப் பட்டையில். முன் சக்கரம் புதைந்தபோது பின் சக்கரம் தள்ளியது. பின்னது வழுக்கியபோது முன்னது இழுத்தது. வண்டி ஒருமுறைகூட உதறவில்லை. ஓரிடத்தில் வழி குறுகி, ஒரு டிரெய்லர் நகர்ந்தால்தான் போக முடியும் என்றானது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கடல்ல கார் வுட்டுகினு போற?"

"வூட்ல வலி நைனா. கொஞ்சம் நவுந்துக்கோ."

அவர் முன்னால் நின்ற வண்டிக்கு ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் கத்தினார்: "மேஸ்திரி சம்சாரத்துக்கு வலிடா, ஒதுங்கு!" அந்தச் செய்தி நமக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு டிரெய்லராக இடது பக்கம் ஒடுங்கியது. தங்கள் வரிசையை ஒரு முழம் விட்டுக்கொடுக்காதவர்கள் அவர்கள். அதற்காக வெட்டுக்குத்து நடந்திருக்கிறது.

மறுபடி சாலைக்கு ஏறியபின் வழி இருந்தது. ஆனாலும் நீ வேகம் எடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சக்கரமாக இறக்கி, ஒரு சக்கரமாக ஏற்றினாய். வடசென்னையிலேயே வேகமான அந்தக் காரை ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி தாண்டிப் போனது. ஓட்டியவன் ஐஸ் பெட்டியோடு திரும்பிச் சிரித்தான்.

"இன்னா நைனா, பெட்ரோல் இல்லியா? கயிறு கட்டி இஸ்துகினு போவட்டா?"

ஒரு ஆட்டோ முந்தினாலே மூன்று தெரு துரத்துகிறவன் நீ. "போ நைனா, நீ முன்னால போ" என்றாய். கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். அன்று என் இடுப்பு என்ன சொன்னது என்று எனக்கு நினைவில்லை.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து நீ என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். "இத்தெல்லாம் அது கிட்ட எப்பவும் சொல்லாத மாமு. நீ பொழைக்க மாட்டேன்னு பயந்தோம்னு ஒரு புள்ள கிட்ட சொல்லலாமா? காலம் பூரா தரையப் பாத்துகினே நடக்கும்." வசந்தாவிடமும் அப்படியே வாங்கினாய் என்று பிறகு தெரிந்தது. அவள் இன்றுவரை காப்பாற்றுகிறாள்.

நான் காப்பாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போயிருந்தேன். உன் மகள் இப்போது மெக்கானிக்கல் படிக்கிறாள். உன் வண்டியைத் தூக்கி நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்திருந்தாள். கல்லூரி சிநேகிதர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம்.

"மாமா, இவ்ளோ சோக்கான வண்டி. எவனோ ஒண்ணுந் தெரியாத ஆளு இத்த தொளதொளன்னு செட்டு பண்ணி வச்சிகீறான். அல்வா மாதிரி கீது. யாரு மாமா அந்த மெக்கானிக்கு?"

"உங்கப்பன்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. "அப்பாவா? அவருக்கா ஹாண்ட்லிங் தெரியாது?"

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். கோப்புகளோடு முப்பது வருடம் இருந்தவனுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் உன்னை ஒன்றும் தெரியாத ஆள் என்று உன் பட்டறையிலேயே ஒருவர் சொல்ல, அதுவும் இவள் சொல்ல, என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஒரு பாசஞ்சருக்காக அப்படி வச்சான்" என்றேன்.

"அவ்ளோ பெரிய ஆளா?"

"இல்லம்மா. ரெண்டு கிலோகூட இல்ல."

கையில் ஸ்பேனரோடு நின்றாள். உன் மகள் அழுவாள், பானெட்டை மூடிவிட்டு 'அப்பா வைத்தபடியே இருக்கட்டும்' என்பாள் என்று நினைத்தேன். புத்தகம் படிக்கிறவர்கள் இப்படித்தான் தப்புக் கணக்குப் போடுகிறோம். அவள் பானெட்டுக்குள் குனிந்தாள், முகத்தை எனக்குக் காட்டவில்லை.

"அப்போ ரெண்டு கிலோ மாமா. இப்ப அம்பத்தஞ்சு. தாங்குவேன்."

இறுக்கும் பக்கமாகத் திருகு சொடுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வலது பக்கம் போய் அங்கேயும் நான்கு. பின்னால் போய் அதே நான்கு, நான்கு.

வாக்கு போய்விட்டது, திட்டுவதென்றால் திட்டு. இருபது வருடமாக உனக்காக நான் தூக்கிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான், அதையும் இறக்கிவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது, உன் மகள் தரையைப் பார்க்காமல் எண்ணிய அந்தப் பதினாறு சொடுக்கின் ஓசை.