காருக்குக் கிழித்த கல்யாணச் சீலை

லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர் காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து கால் சப்பாத்துக்கு மெழுகு போட்டுக்கொண்டிருக்கிறார். கினிகத்தேனையில் மச்சினிக்குக் கல்யாணமாம். அந்த மெழுகு வாசனை என் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அரிசி களைந்த கையோடு நின்றுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப் போகிறது. நியாயமாக எனக்கு அழுகை வரவேண்டும். வந்தது எரிச்சல்தான். எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு காரின்மேல் வந்த அதே எரிச்சல்.

தோட்டத்துப் பழைய துரை சீமைக்குப் போகும்போது பங்களாவுக்குப் பின்னால் விட்டுப்போன கார் அது. கொட்டகைக்குப் பாதிதான் கூரை. மஸ்கெலியா மழையும் பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, கரும்பச்சை வெளுத்து அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தொட்டால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும். கண்ணாடி ஓரமெல்லாம் பாசி. புதுத் துரையின் துரைசாணி கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறாள், அட்டனுக்குப் போய் அழைத்து வர இது தேறுமா என்று துரை கேட்டார். அப்போது நீங்கள் தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். "புதுப் பெயின்ட் வேணாங்க தொரை. உள்ளுக்கு நல்ல பச்சை இருக்கு. மேல செத்ததை மட்டும் எடுத்துட்டாப் போதும்" என்றீர்கள். உள்ளே நல்லது இருக்கும் என்று என்னைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கே எனக்கு அது சுருக்கென்றது.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, மத்தியானம் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வருவேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். காரைத் தொடுவதற்கு முன்னால் நகத்தை ஒட்ட வெட்டினீர்கள். இடுப்பு வாரை அவிழ்த்து வைத்தீர்கள், அதன் கொக்கி உரசிவிடுமாம். எங்கள் அம்மா போட்ட மோதிரத்தையும் கழற்றிக் கொட்டகைக் கட்டையில் வைத்தீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய உப்புத்தாளை இரண்டு விரலால் பிடித்து, "ஓரத்துல பெயின்ட் மெலிசு. அமுத்துனா தகரம் தெரிஞ்சிரும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு தேய்ப்பீர்கள். என் தலைவலிக்கு ஒருநாள் தைலம் தேய்க்கச் சொன்னதற்கு, ரொட்டிக்கு மாவு பிசைவது மாதிரித் தேய்த்தவர் நீங்கள். அந்தக் கைக்கு இவ்வளவு பதம் தெரியும் என்று அந்தக் காரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டிலும் அதே பேச்சு. முன்மூடி பானட்டில் பச்சை தெரிகிறது, கதவில் இன்னும் மங்கல் போகவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்தேன், அதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. சக்களத்தி ஒருத்தி வந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். தகரத்தை என்ன செய்வது?

கடைசியாக மெழுகு போட்டுத் துடைக்க வேண்டிய நாள் வந்தது. "புள்ள, பொட்டியில பழைய நூல் சீலை ஏதாச்சும் இருந்தாக் கிழிச்சுக் குடு. தையல், பொத்தான், சரிகை எதுவும் இருக்கக் கூடாது. கோடு விழுந்துரும்" என்றீர்கள்.

பெட்டியில் பழைய சீலை இரண்டு இருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டுக் கல்யாணச் சீலையை எடுத்தேன். அதுவும் நூல்தான், கரையில் மட்டும் விரல் அகலத்துக்குச் சரிகை. எல்லாம் அந்தத் தகரச் சக்களத்திக்கே போகட்டும் என்று கிழித்தேன். சரிகைக் கரையை உள்ளே வைத்து, வெளியே தெரியாமல் மடித்துக் கொடுத்தேன். கை தவறி நடந்ததில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் கொடுத்ததாயிற்றே.

மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தபோது நான் தேத்தண்ணியோடு வந்தேன். துடைக்கத் துடைக்க மடிப்புக் கலைந்து சரிகை வெளியே வந்திருந்தது. பானட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். நீங்கள் துணியை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அடி விழும் என்றே நினைத்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் துரை வந்து, இது எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"என் தப்புங்க தொரை. சரிகை இருந்ததை நான் பாக்கல. இவ கல்யாணச் சீலையைக் கிழிச்சுக் குடுத்துருக்கா. என் வேலை நல்லா வரணும்னு, இருக்கிறதுலயே நல்ல சீலையா எடுத்துருக்கா." துரை என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். இன்னும் ஒரு வாரம் தந்தார்.

அந்த வாரத்தில் நீங்கள் மறுபடி தேய்த்து, அட்டன் ஸ்டேசனில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் காரைக் கொண்டு போனீர்கள். பங்களா டிரைவர் வேலையும் உங்களுக்கே கிடைத்தது. மஸ்கெலியா நானா துணிக்கடையில் எனக்குப் புதுச் சீலை எடுத்தீர்கள். பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் என்னைப் பார்த்து, "குடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விட்டார்கள். அந்தச் சீலைக் கதையை உங்கள் வாயால் கேட்டுத்தான் அவர்களும் சொன்னார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தலைவலி என்றால் தைலச் சீசாவை நீங்களே எடுத்து வந்தீர்கள். இரண்டே விரல், அவ்வளவு மெதுவாக. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். விரல் நெற்றியில் பட்டதும் மூடிக்கொள்வேன். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

போன வருசம் நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பார்க்க வந்த டாக்டரய்யாவிடமும் இதைத்தான் சொன்னீர்கள். "கல்யாணச் சீலையைக் கிழிச்சுக் குடுத்தவ இவதாங்க." மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

இப்போது அந்தக் காரின்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. வாசனை வந்தால் எரிகிறது, போய்விடுகிறது. போகாமல் இருப்பது இன்னொருத்தியின் மேல் உள்ள பொறாமை. புருசன் வேலைக்காக ஆசையோடு சீலையைக் கிழித்தாளே, அவள்மேல். என் முகத்தை வைத்துக்கொண்டு, என் பெயரை வைத்துக்கொண்டு ஏழு வருசம் இந்தக் காம்பராவில் இருந்தாள். நீங்கள் குடும்பம் நடத்தியது அவளோடு. உங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது மட்டும் நான்.