அழைப்பில்லாத விருந்து

பெல்கிரேட்
நவம்பர் 23

அன்பு மகன் ரேல்யாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சௌக்கியம், ஆக்லாந்தில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நேற்று முன்தினம் நம் குடும்பத்துப் புனிதர் மிக்கேல் சம்மனசின் திருநாள், நம் ஸ்லாவா, நடந்து முடிந்தது. நான் துணை அமைச்சராக இருந்தபோது இந்த நாளில் மாடிப்படி வரை கோட்டுகள் தொங்கும், கோட்டுக்காரர்களில் பாதிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியாது, அத்தனையும் என் குணத்துக்காக வந்த கூட்டம் என்று நம்பினேன் பார், நானெல்லாம் ஒரு காலத்தில் துப்பறிந்து எழுதிய நிருபர். தூதராகி ஓய்வு பெற்றும் புத்தி வரவில்லை, இந்த வருஷமும் முப்பது பேருக்கு முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வைத்தேன். வந்தது உன் தெசாங்கா அத்தையும் என் பழைய பத்திரிகைத் தோழன் திராஷ்கோவும்தான். அன்றிலிருந்து மூன்று வேளையும் எனக்கு அதுவே சாப்பாடு.

திராஷ்கோ பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டே, "என்ன தூதரே, பையன் எங்கடா?" என்று கேட்டான். நான் பழக்கதோஷத்தில், பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். "நான் என்ன மைக்கா நீட்டியிருக்கேன்? வரச் சொன்னியா இல்லியா, அதச் சொல்லு" என்று பிடித்துக்கொண்டான். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் நமக்கு இல்லையே, நினைப்பு உள்ளவர்கள் தாமாக வருவார்கள் என்று சட்டம் பேசினேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது விருந்தாளிக்குடா மண்டு. பெத்த புள்ள விருந்தாளியா?" என்றாள். கோடையில் நீ, வரட்டுமாப்பா என்று கேட்டதற்கு, உன் வசதிப்படி செய் என்று பதில் போட்டேனே, அது அப்போதுதான் உறைத்தது. அயல்நாட்டு அரசுக்கு எழுதியிருந்தால் மெச்சியிருப்பார்கள். நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முதலில் தலையங்கமாக வந்தது, அடுத்தது தேர்தல் பேச்சாகிவிட்டது, தாய்நாடு உன்னை அழைக்கிறது என்றெல்லாம். தாய்நாட்டுக்கு உன்னைத் தெரியவே தெரியாது ரேல்யா. எனக்குத்தான் உன்னைப் பார்க்க வேண்டும். ஆறு வருஷமாயிற்று, வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வசதியெல்லாம் பார்க்காதே, வா. கிறிஸ்துமஸுக்கே வா.

மிக்கேல் சம்மனசு உனக்குத் துணையிருக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். கனமான கோட்டு எடுத்துக்கொள், குளிர் எலும்பில் இறங்குகிறது. விமானம் வரும் நேரத்தை மறக்காமல் எழுது. கார் அனுப்ப இப்போது என்னிடம் ஆள் இல்லை, நானே வந்து நிற்பேன்.

உன் அப்பா,
ஸ்வேதோசார்