மஞ்சள் காருக்குப் புது சேசிஸ்

தெஹியோவிட்ட,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிரோஷினிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை மடியிலேயே கிடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் மிஸ் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னால், "நான் என்னா சின்னப் புள்ளையா" என்று அதை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். அந்தக் கை இனி அவ்வளவுதானோ என்று நான் அழாத நாளில்லை.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. மஞ்சள் விளையாட்டுக் காருக்குப் புது சேசிஸ், அதன் அடிச்சட்டம், வந்திருக்கிறது என்றதும் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுக்கச் சொன்னார். துரை பங்களாவில் குப்பைக்குப் போக இருந்த கார் செட்டை அவர் தூக்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? லயத்து வீட்டுச் சாமான்களை வெளியே வைத்துவிட்டு, நடுவில் பள்ளம் ஓடும் அந்தக் கார்ப் பாதையைத் தரை முழுக்கப் பூட்டுவீர்கள். டயர் தேய்ந்ததும் அப்பாவும் மகளுமாகப் புகை போட்டுக் காய வைக்காத தோட்டத்து ரப்பர் சீட்டில் டயர் வெட்டிப் போட்டு, அது சூட்டில் இளகிக் கார் பாதையோடு ஒட்டிக்கொண்டதே! கத்தியால் சுரண்டிக்கொண்டே நான் திட்டியது லயம் முழுக்கக் கேட்டது. அந்த நாள் திரும்பி வராதா என்று இருக்கிறது மகள்.

புது சேசிஸ் நீளம், முன் சக்கரம் பாடிக்கு வெளியே நின்றது. நீ பாடியைக் கொஞ்சம் வெட்டச் சொன்னாயே, போனை வைத்ததும் அவர் போட்ட சத்தம்! "புள்ள பெயிண்டு அடிச்ச பாடியில கத்தி வைப்பேனா" என்றார். நடு ஆணியைத் தளர்த்தி சேசிஸைக் குறுக்கினார். ஆனால் பாடியின் ஆணித் துளை அதோடு பொருந்தவில்லை, ரப்பர் மரத்தில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பால் துண்டுகளை இடையில் வைத்து இறுக்க வேண்டும் என்றார். அதற்கு இரண்டு கை வேண்டுமே, என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் கோணலாகப் பிடித்தேன், சக்கரம் பாடியில் உரசியது. கழற்றினார், மறுபடியும் கோணல். "ஏன்டி, மரத்துல காயம் படாம பட்டை சீவுற கை, இத நேரா புடிக்கத் தெரியலியா" என்று என் கையைத் தட்டிவிட்டு, தன் வலது கையைத் தூக்கிப் பாடியின் மேல் வைத்து அழுத்தினார். இடது கையால் ஆணியை முடுக்கி முடித்தார். நான் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தேன். சாப்பிடும்போது அவராகவே, "நீ வேணும்னே கோணலா புடிச்சது தெரியாதுன்னு நெனச்சியா" என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது தினமும் வலது கட்டைவிரலால்தான் காரை ஓட்டும் கண்ட்ரோலை அமுக்கிப் பழகுகிறார். மார்கழி லீவில் நீ வரும்போது உன்னோடு பந்தயமாம், மஞ்சள் கார் அவருக்காம், சிவப்புக் கார் உனக்காம், அதுவரை உன்னிடம் மூச்சு விடக் கூடாதாம். நீயும் தெரியாத மாதிரியே இரு.

அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. இன்னொன்று, அப்பா பாவம் என்று வேண்டுமென்றே தோற்றுப்போகாதே, கண்டுபிடித்துவிடுவார்.

உன் அம்மா,
கிருஷ்ணகுமாரி யோகராஜ்