கல்லறை வாசலில் அழுதவர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இன்று சபையில், இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறையைப் பற்றிப் பிரசங்கித்தேன். "லாசருவை எழுப்பப்போறோம்னு கடவுளா இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் மனுஷனா அழுதாரு" என்றேன். அழுத லாசருவின் சகோதரி மரியாளை இயேசு அடக்கவில்லை, கூடவே அழுதார் என்று சொல்ல வந்தவன், பாதியில் வேதாகமத்தை மூடிவிட்டேன்.

பாப்பாவின் குழியருகே உன் காதில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது: "போதகர் பொண்டாட்டியே அழுதா சபை என்ன நினைக்கும்?"

ஆலய வாசலில் சபையார், "ஐயா உருகிட்டாரு! அம்மா எப்ப வருவாங்க?" என்றார்கள். மழுப்பினேன்.

உன்னை வரச் சொல்லவில்லை. நான் உன் அம்மா வீட்டுக்கு வரட்டுமா? பாப்பாவின் குல்லாய் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எனக்கு இன்னும் அழத் தெரியவில்லை.

'கர்த்தரின் ஊழியன்' என்று வழக்கம்போல் கையெழுத்திடக் கை வரவில்லை.

பாப்பாவின் அப்பா