எல் சைஸில் ஒன்று

ஆவணி, கடைசி ஞாயிறு

இன்று சக்திவேலுக்குக் காரியம். ஆன்லைனில் டீ-ஷர்ட் விற்கத் தொடங்கியபோது நான் முதலில் கூட்டு சேர்ந்தது பொம்மிடி கபடி டீமோடுதான். பன்னிரண்டு பேருக்கும் டீ-ஷர்ட் நான் கொடுப்பேன், அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஆடுவார்கள். சிரித்த முகம் என்பதால் விளம்பரப் படத்துக்கு அவர்களில் சக்திவேல்தான் நின்றான். பைக் விபத்தில் போய்விட்டான்.

அந்தப் படத்தையே நெஞ்சில் அச்சடித்துத் தரச் சொன்னார்கள் டீம் பையன்கள். இன்று அதைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று படமெடுத்து இன்ஸ்டாவில் போட்டார்கள், என் கடையின் பெயரோடு. "டிசைன் செமயா இருக்குது ப்ரோ, எல் சைஸ் கிடைக்குமா?" என்று யாரோ முன்பின் தெரியாதவர் கீழே கேட்டிருந்தார். இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவன்தான் நான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கிளம்பும்போது சக்திவேலின் அம்மா ஒவ்வொரு பையனின் நெஞ்சையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "எல்லாரும் போட்டிருக்கறீங்க. எம்புள்ளைக்கு ஒண்ணு எடுத்து வெச்சியா கண்ணு?" என்றார்.

பையில் ஒன்று மிஞ்சியிருந்தது. பழக்கதோஷத்தில் எப்போதும்போல டீமில் பன்னிரண்டு பேருக்கும் அடித்திருக்கிறேன்.