ஏழாம் நம்பர் பாட்டில்

சான்டா கிளாரா
6 அக்டோபர் 1996

அன்புள்ள அம்மிணி வான்மதிக்கு,

நலம். மாப்பிள்ளை டெக்சஸிலிருந்து டிரெயினிங்குக்கு இங்கே வருவது கேட்டு உன் அண்ணி சாந்தாமணிக்கு ஒரே சந்தோஷம். ஹோட்டல் வேண்டாம், நம் வீட்டில்தான் தங்க வேண்டும்.

19ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் ஒயின் குரூப் நம் வீட்டில் கூடுகிறது. எல்லாம் ஆபீஸ் ஆட்கள். என் மேனேஜரும் வருவார். எட்டு டாலருக்கு மேல் பாட்டில் கூடாது. எந்த ஒயின் என்று தெரியாதபடி பாட்டிலைக் காகிதப் பையில் மறைத்து நம்பர் ஒட்டி, ஒரு வாய் ருசித்துத் துப்பிவிட்டு இருபதுக்கு மார்க் போடுவோம். போன மாதம் சிலி நாட்டு ஒயின் எங்கள் கலிபோர்னியா நாப்பா ஒயினைத் தோற்கடித்தது! கோபிச்செட்டிபாளையத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரிக்காதே.

அன்புடன்,
அண்ணன் திருமூர்த்தி

ரவுண்ட் ராக்
10 அக்டோபர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். அவர் குடியை விட்டு இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன் நாங்கள் பட்டதை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு வாய்கூட ஆகாது அண்ணா. அன்றைக்கு அவரை எங்காவது அனுப்பிவிடுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

உங்கள் தங்கை,
வான்மதி

ரவுண்ட் ராக்
11 நவம்பர் 1996

அண்ணா,

எழுதவே கூசுகிறது. உங்கள் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து அவர் மறுபடி குடிக்கிறார். கேட்டதற்கு, "மச்சான் வேண்டாம்னுதான் தடுத்தாரு. நாந்தான் எடுத்துக் குடிச்சேன்" என்று அழுதார். உங்கள் விருந்தாளிகள் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டார். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

வான்மதி

சான்டா கிளாரா
16 நவம்பர் 1996

வான்மதி,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே.

நான் தடுக்கவில்லை. நாலாம் நம்பர் பாட்டிலுக்கும் ஏழாம் நம்பருக்கும் மார்க் சமமாக நின்றது. மேனேஜர் மாப்பிள்ளையை ருசிக்கச் சொன்னார். அவர் இரண்டு தடவை மறுத்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்; எனக்கு அவமானமாக இருந்தது. "சும்மா ஒரு வாய், துப்பிடுங்க மாப்பிள்ளை. மார்க் போடத்தானே?" என்று ஏழாம் நம்பரை நானே ஊற்றிக் கையில் கொடுத்தேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். குடித்தார். துப்பவில்லை. பதினேழு போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

காலையில் மீதி பாட்டில்கள் எல்லாம் காலி. சாந்தாமணி எழுவதற்குள் வெளியே கொண்டுபோய்ப் போட்டேன்.

உன் கடிதத்தை மறந்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை அம்மிணி. ஊற்றும்போதும் நினைவிருந்தது.

திருமூர்த்தி

ரவுண்ட் ராக்
1 டிசம்பர் 1996

அண்ணா,

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாவம், மச்சான்" என்றார். எனக்கு அந்த மனசு வரவில்லை. உங்கள் வீட்டில் என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று மூன்று வாரம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அப்போதும் அவர் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு நானே டிரைவ் பண்ணிக் கூட்டிப் போகிறேன். குடிக்காமல் இன்றோடு ஒன்பது நாள்.

பொங்கலுக்கு வர வேண்டாம். நானாகக் கூப்பிடும்வரை போனும் வேண்டாம். ஏன் வரவில்லை என்று அண்ணி கேட்பார்கள். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வான்மதி